குறைந்த விலை ரோட்டரி டூல்: எதைப் பார்த்து வாங்குவது?

சிரட்டையில் பூ வேலை செய்ய, மின்னணுச் சுற்றுப்பலகையான பிசிபியில் ஓட்டை போட, துருப்பிடித்த திருகின் தலையை வெட்டி எடுக்க, சிறு மரச்சிற்பத்தின் மடிப்புகளைச் சுரண்ட, கண்ணாடிப் பாட்டிலில் பெயர் பொறிக்க என்று பல வேலைக்கும் ஒரே கருவியைக் கைகாட்டுவார்கள். அதுதான் ரோட்டரி டூல். கைக்குள் அடங்கும் மோட்டார், நுனியில் பிட்டைப் (வேலைக்கேற்ப மாற்றும் முனையை) பிடிக்கும் சிறு காலெட், நிமிடத்துக்கு 5,000 முதல் 35,000 சுற்று வரை வேகம். கடைகளில் மினி கிரைண்டர், மினி டிரில் என்ற பெயர்களில் கிடைக்கும். நிறையப் பேர் டிரெமல் என்றே கேட்பார்கள். அது அமெரிக்காவின் ரசீன் நகரத்தில் ஆல்பர்ட் டிரெமல் 1932-இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயர். 1993 முதல் பாஷ் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ‘டை கிரைண்டர்’ என்று கேட்டால் மட்டும் கவனம் தேவை. பட்டறைக்காரர்கள் அந்தப் பெயரில் சொல்வது 6 மி.மீ காலெட் கொண்ட கனமான இயந்திரம். பொழுதுபோக்குக் கைவேலைக்கு அது ஒத்துவராது.

இன்று இணைய அங்காடிகளில் சுமார் 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் நூறு பிட்டுகளோடு பெட்டியாகக் கிடைக்கும் கருவிகள் டஜன் கணக்கில் உண்டு. பெயர் பெற்ற நிறுவனத்தின் அடிப்படை மாடல் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு விலை. மலிவானதை வாங்கலாமா என்றால், வாங்கலாம். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட்டையும் ஆர்பிஎம்மையும் வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. தண்டு ஆடாமல் சுழல்கிறதா, காலெட் பிட்டை நேராகப் பிடிக்கிறதா, வேகத்தைக் குறைக்க வழி இருக்கிறதா என்ற மூன்றும்தான் முக்கியம். ஏன் என்று புரிய, இந்தக் கருவி எப்படி வெட்டுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஏன் இவ்வளவு வேகம்?

பிட் நன்றாக வெட்டுமா என்பது அதன் விளிம்பு பொருளின் மேல் என்ன வேகத்தில் உரசிப் போகிறது என்பதைப் பொறுத்தது. இதை விளிம்பு வேகம் என்று வைத்துக்கொள்வோம். பிட்டின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து 3.14-ஆல் பெருக்கி, நிமிடச் சுற்றால் பெருக்கி, 60,000-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வந்துவிடும்.

வீட்டில் இருக்கும் சாதாரண டிரில் மெஷின் 3,000 சுற்று சுற்றும் என்று கொள்வோம். அதில் 3 மி.மீ பர் (தலையில் வெட்டுப்பற்கள் உள்ள சிறு பிட்) ஒன்றை மாட்டினால் விளிம்பு வேகம் நொடிக்கு அரை மீட்டர்கூட வராது. பர் பொருளைச் செதுக்காமல் குதிக்கும், கவ்வும், இழுக்கும். அதே பர்ரை 30,000 சுற்றில் ஓட்டினால் நொடிக்கு 4.7 மீட்டர். இப்போது மெல்லிய தூளாகச் செதுக்கும், கையில் அதிர்வும் குறையும். பிட் சிறிதாக இருப்பதால்தான் சுற்று கூடுதலாக வேண்டியிருக்கிறது.

இதே கணக்கைப் பெரிய பிட்டுக்குப் போட்டால் ஆபத்து எங்கே என்று தெரியும். 24 மி.மீ கட்டிங் வீல் 30,000 சுற்றில் நொடிக்கு 38 மீட்டர். 38 மி.மீ வீல் அதே சுற்றில் ஏறக்குறைய 60 மீட்டர், அதாவது மணிக்கு 215 கிலோமீட்டர். கட்டட வேலையில் பார்க்கும் 100 மி.மீ ஆங்கிள் கிரைண்டர் 11,000 சுற்றில் ஓடும்போது அதன் வீலின் விளிம்பு வேகம் 58 மீட்டர்தான். கையளவு கருவிதானே என்று கண்ணாடி போடாமல் வேலை செய்பவர்கள் இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது முறுக்கு விசை. ரோட்டரி டூலில் வேகம் உண்டு, பலம் கிடையாது. 130 வாட் கருவி ஒன்று, வாங்கும் மின்சாரம் முழுவதையும் வீணாக்காமல் 20,000 சுற்றில் நுனிக்குக் கொடுத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 38 மி.மீ வீலின் விளிம்பில் சுமார் 330 கிராம் எடைக்குச் சமமான தள்ளுவிசைதான் கிடைக்கும். உண்மையில் அதில் ஒரு பகுதி சூடாகவும் காற்றாகவும் சத்தமாகவும் போய்விடும். ஆக, அழுத்தி வேலை வாங்குவது இந்தக் கருவியில் நடக்காது. அழுத்தினால் சுற்று விழும், விளிம்பு வேகம் விழும், வெட்டுவது நின்று உரசல் மட்டும் மிஞ்சும், மோட்டார் சூடேறும். உள்ளிருக்கும் விசிறியும் அதே தண்டில்தான் சுழல்கிறது. சுற்று குறைந்தால் குளிர்ச்சியும் குறையும். மலிவுக் கருவிகள் புகைந்து போவது பெரும்பாலும் இப்படித்தான். மேலோட்டமாகத் தொட்டு, பல முறை ஓட்டி எடுப்பதே சரியான வழி. ஓடும்போது மோட்டாரின் சத்தம் இறங்கினால் அழுத்தம் அதிகம் என்று பொருள்.

நான்கு வகை

நேரடியாக மின்சாரத்தில் ஓடும் 230 வோல்ட் கருவிதான் பொது வேலைக்கு முதல் தேர்வு. 130 முதல் 180 வாட் வரை போதும். வெட்டலாம், தேய்க்கலாம், துளையிடலாம், பாலிஷ் போடலாம். கனம் அரைக் கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும். பேனாவைப் போலப் பிடித்து அரை மணி நேரம் நுண்வேலை செய்தால் மணிக்கட்டு வலிக்கும்.

அதற்கு மாற்று, பொற்கொல்லர் பட்டறையில் கொக்கியில் தொங்கும் மோட்டார். மோட்டார் மேலே தொங்க, ஒரு மீட்டர் அளவு வளையும் தண்டு வழியாகக் கைப்பிடிக்கு மட்டும் சுழற்சி வரும். வேகம் கால் மிதியில். சிற்பம், நகை, சிரட்டை என்று மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்பவர்களுக்கு இதைவிட மலிவான நல்ல வழி இல்லை என்றே சொல்லலாம். சென்னை சவுகார்பேட்டை போன்ற இடங்களில் நகைத் தொழில் கருவி விற்கும் கடைகளில் உள்நாட்டுத் தயாரிப்பே கிடைக்கும். உதிரி பாகமும் அங்கேயே கிடைக்கும் என்பது பெரிய அனுகூலம்.

மூன்றாவது மைக்ரோமோட்டார். பல் ஆய்வகங்களில் செயற்கைப் பல்லைத் தேய்க்கப் பயன்படுவது. மேசைமேல் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, அதிலிருந்து ஒயர், சிறு கைப்பிடிக்குள்ளேயே மோட்டார். 2.35 மி.மீ தண்டுள்ள பிட்டை மட்டும் பிடிக்கும். ஆட்டம் மிகக் குறைவு, அதிர்வே தெரியாது. நுண்செதுக்கலுக்கு அருமை, கட்டிங் வீல் மாட்டி இரும்பு வெட்ட அல்ல. அப்படி வெட்டினால் கைப்பிடியின் பேரிங் போய்விடும்.

நான்காவது, யூஎஸ்பியில் சார்ஜ் ஆகும் பேனா வடிவக் கருவிகளும், 12 வோல்ட் அடாப்டரோடு வரும் சின்ன டிசி மோட்டார் கருவிகளும். பொறிக்க, 3டி பிரிண்ட் முனைகளைச் சீவ, நகத்தளவு இடத்தில் பாலிஷ் போட இவை போதும். இவற்றின் பெட்டியில் எவ்வளவு வாட் எழுதியிருந்தாலும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கல் 18 வாட். அதற்கு மேல் அந்தக் கருவிக்குள் போக வழியே இல்லை. இரும்பு ஆணி வெட்டலாம் என்று விளம்பரத்தில் காட்டுவதை நம்பி இதை வாங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் கருவி என்றால் ஒரு எச்சரிக்கை. அமெரிக்க மாடல் 120 வோல்ட்டுக்கானது. பிளக்கை மட்டும் மாற்றி நம் 230 வோல்ட்டில் செருகினால் அடுத்த நிமிடம் எரிந்துவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம். கருவியின் வாட்டைப்போல இரு மடங்கு திறனாவது அதற்கு வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், வளைகுடா நாடுகள் பெரும்பாலானவற்றிலிருந்து வருவதில் இந்தச் சிக்கல் இல்லை. பிளக் வடிவம்தான் மாறும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலில் வேகத்தின் கீழ் எல்லை. எல்லோரும் 35,000 என்ற மேல் எண்ணைப் பார்க்கிறார்கள். உங்களுக்கு உதவப்போவது கீழ் எண். அக்ரிலிக், பிவிசி போன்றவை வேகத்தில் உருகி பிட்டில் ஒட்டிக்கொள்ளும். கம்பி பிரஷ்ஷுக்கு 15,000-தான் உச்சம். அதற்கு மேல் போனால் கம்பிகள் ஊசிபோல் பறக்கும். ஃபெல்ட் பாலிஷ் வீலும் அப்படியே, மெதுவாகத்தான் ஓட வேண்டும். 5,000 அல்லது 8,000-இல் தொடங்கும் கருவி நல்லது. டிரெமல் 3000 மாடலேகூட 10,000-இல்தான் தொடங்குகிறது. அதற்கு மேலான 4000 மாடல் 5,000-இல் தொடங்கும், பாரம் ஏறினாலும் சுற்றை விடாமல் பிடிக்கும் மின்னணுக் கட்டுப்பாடும் அதில் உண்டு. மலிவுக் கருவிகளில் டயல் இருந்தாலும் அந்தக் கட்டுப்பாடு இருக்காது. கீழ் வேகத்தில் வைத்துத் தொட்ட உடனே நின்றுவிடும். அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொடும் அழுத்தத்தை இன்னும் குறைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். ஒரே வேகம் மட்டும் உள்ளதை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

அடுத்து காலெட். காலெட் என்பது நான்காகப் பிளந்த சிறு உலோகக் குழல். மேலே நட்டை இறுக்கும்போது அது சுருங்கி பிட்டின் தண்டைப் பிடிக்கும். 3.2, 2.4, 1.6, 0.8 மி.மீ என்று நான்கு அளவு வழக்கம். பெரும்பாலான பிட்டுகள் 3.2 அல்லது 2.35 மி.மீ தண்டோடு வரும். 2.35 பிட் 2.4 காலெட்டில் நன்றாகவே உட்காரும். சிக்கல் 3 மி.மீ தண்டில்தான். மலிவு வைர பிட் தொகுப்புகள் பலவும் இந்த அளவில் வருகின்றன. 3.2 காலெட்டில் அதை இறுக்கினால் பிடித்ததுபோல் தோன்றி, பாரம் ஏறியதும் வழுக்கும் அல்லது மெல்ல வெளியே நகரும். 3 மி.மீ காலெட் தனியாகக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று அளவுக் காலெட் வருவது, வெறும் சாவியில்லாச் சக் மட்டும் வருவதைவிட நல்லது. சக்கில் 0.8 முதல் 3.2 மி.மீ வரை எதையும் பிடிக்கலாம், பிட் மாற்றுவதும் சுலபம். ஆனால் காலெட் அளவுக்கு நேராகப் பிடிக்காது. அதிர்வில் தளரவும் செய்யும். பிட்டை அடிக்கடி மாற்றும் லேசான வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், கட்டிங் வீலுக்கு வேண்டாம்.

காலெட் எஃகாக இருக்க வேண்டும். பித்தளையில் வரும் காலெட்டுகள் சில மாதத்தில் வாய் அகன்றுவிடும். உதிரியாக வாங்கும்போது நட்டின் மரையைப் பாருங்கள். மலிவுக் கருவிகள் பலவற்றில் எம்8 (8 மி.மீ விட்டம்), 0.75 மி.மீ இடைவெளியுள்ள மரை, டிரெமலில் வேறு மரை. ஒன்றின் நட்டு இன்னொன்றில் ஏறாது. கருவியின் மூக்கில் மாட்டும் வளையும் தண்டு, துளையிடும் ஸ்டாண்டு இவற்றுக்கும் இதே கதைதான். கருவியோடு அதே பெட்டியில் வருவதை வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

கார்பன் பிரஷ் (சுழலும் மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தபடி தேயும் கரித்துண்டு) மாற்ற உடலின் இரு பக்கமும் திருகு மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் பிரஷ் தேயும்போது உடலையே பிரிக்க வேண்டிவரும். மூன்று முள் பிளக் இல்லையே என்று பயப்பட வேண்டாம். பெயர்த்தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் தேவையில்லை. அந்தக் குறியும் இல்லை, எர்த் முள்ளும் இல்லை என்றால் அந்தக் கருவி வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் சோதனை

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காலெட் நட்டை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கிளிக் என்று அசைவு தெரிந்தால் பேரிங் சரியில்லை. முன்னும் பின்னும் மிகச் சிறிது நகர்வது சில கருவிகளில் இருக்கும், அது பரவாயில்லை.

பிறகு பிட் எதுவும் மாட்டாமல், நட்டையும் காலெட்டையும் கழற்றி வைத்துவிட்டு, குறைந்த வேகத்தில் இரண்டு நிமிடம், பிறகு படிப்படியாக உச்சம் வரை ஓட்டுங்கள். ஓட்டம் சீராக, ஒரே சுருதியில் இருக்க வேண்டும். ஏதோ ஒரு வேகத்தில் மட்டும் உடல் நடுங்கினால் ஆர்மேச்சர், அதாவது மோட்டாருக்குள் சுழலும் பகுதி, சமநிலையில் இல்லை. முதல் சில நிமிடம் பிரஷ்ஷிலிருந்து லேசான பொறியும் வாசனையும் வரலாம். பத்து நிமிடம் கழித்தும் பொறி வட்டமாகச் சுற்றி ஓடினால் திருப்பிவிடுங்கள்.

முக்கியமான சோதனை ஆட்டம். நேரான 3.2 மி.மீ தண்டு ஒன்றைக் காலெட்டில் இறுக்குங்கள். புது பர் ஒன்றின் தண்டு போதும். கருவியை வைஸில் துணி சுற்றிப் பிடித்து, ஒரு ஊசி நுனியைத் தண்டுக்குப் பக்கத்தில் தொடாத குறையாக நிறுத்துங்கள். இப்போது நட்டைக் கையால் மெல்லச் சுற்றினால் ஊசிக்கும் தண்டுக்கும் இடையேயான இடைவெளி கூடிக் குறையும். சாதாரண 80 ஜிஎஸ்எம் வெள்ளைத்தாள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ. தண்டு ஊசிக்கு மிக நெருங்கும் இடத்தில் இடைவெளி ஒரு தாள் நுழையும் அளவு, மிக விலகும் இடத்தில் மூன்று தாள் நுழையும் அளவு என்றால் ஆட்டம் 0.2 மி.மீ. தேய்ப்பதற்கும் பாலிஷுக்கும் அது பெரிய குறை அல்ல. 1 மி.மீ பிட்டில் துளை போட அது ஆகாது. பிட் முறியும் அல்லது துளை முட்டையாக வரும். அப்படி ஆட்டம் தெரிந்தால் உடனே கருவியைக் குறை சொல்லவும் வேண்டாம். காலெட்டைக் கால் சுற்றுத் திருப்பிப் போட்டு மறுபடி பாருங்கள், உள்ளே தூசி இருந்தால் துடையுங்கள். காலெட்டின் குறை என்றால் ஆட்டத்தின் இடம் அதோடு சேர்ந்து மாறும். மாறாமல் அதே இடத்தில் நின்றால் கருவியின் சுழல்தண்டே வளைந்திருக்கிறது.

காலெட்டைப் பற்றி மூன்று பழக்கம். பிட் இல்லாமல் நட்டை இறுக்கக் கூடாது, காலெட் சுருங்கிப் போய்விடும். பிட்டை முடிந்தவரை உள்ளே தள்ளி, அடியில் முட்டாமல் ஒரு மில்லிமீட்டர் பின்னிழுத்து இறுக்க வேண்டும். வெளியே நீண்டு நிற்கும் மெல்லிய தண்டு முழு வேகத்தில் சட்டென்று வளைந்து சாட்டைபோல் அடிக்கும். தண்டைப் பூட்டும் பொத்தானை, ஓடும்போது எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது.

பிட்டுகளுக்குப் பணம் ஒதுக்குங்கள்

நூறு துண்டு, இருநூறு துண்டு என்று பெட்டியில் வருவதில் பெரும்பகுதி உப்புத்தாள் வளையங்களும் ஃபெல்ட் துண்டுகளும்தான். மண்டையளவு ஒருபோல் இல்லாத வைர பிட், கை பட்டாலே உடையும் கட்டிங் வீல், மரை தேய்ந்த மேன்ட்ரல் (வீலைத் திருகி மாட்டும் தண்டு) இவையும் இருக்கும். பழகிக்கொள்ள அவை உதவும். கருவிக்குச் செலவிட்டதில் பாதியையாவது நல்ல பிட்டுகளுக்குத் தனியே வைத்தால் மலிவுக் கருவியும் நன்றாக வேலை செய்யும். மாறாக, விலை உயர்ந்த கருவியில் மட்டமான பிட் மாட்டினால் எந்தப் பலனும் இல்லை.

இழை வலை பதித்த கட்டிங் வீல் பத்து வாங்குங்கள். 24 மி.மீ அகலம், 0.6 மி.மீ தடிமனில் வரும் வலையில்லா வீல் சிறிது சாய்ந்தாலும் தூள்தூளாகிவிடும். கூடவே தலை திருகு தடித்த நல்ல மேன்ட்ரல் இரண்டு. மரம், சிரட்டை, எலும்பு, அலுமினியம், இரும்பு எல்லாவற்றுக்கும் பொதுவாக, குறுக்கும் நெடுக்கும் வெட்டுள்ள டங்ஸ்டன் கார்பைடு பர் ஒன்றோ இரண்டோ; 6 மி.மீ தலை, ஒன்று உருளை, ஒன்று கூர்முனை. 13 மி.மீ உப்புத்தாள் உருளையும் 60, 120 எண் வளையங்களும். கண்ணாடி, ஓடு, கல், சங்கு போன்றவற்றுக்கு வைர பிட்.

வைரம் எல்லாவற்றையும் வெட்டும் என்று நினைத்து மரத்திலும் அலுமினியத்திலும் ஓட்டுவார்கள். தூள் உடனே அடைத்துக்கொள்ளும். இரும்பிலும் வேண்டாம்; சூட்டில் வைரத்தின் கார்பன் இரும்போடு கலந்து பிட் சீக்கிரம் மழுங்கும். இரும்பைத் தேய்க்க இளஞ்சிவப்பு அல்லது பழுப்பு நிற அலுமினியம் ஆக்சைடு கல், கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் பச்சை நிற சிலிக்கான் கார்பைடு கல். அலுமினியத்துக்கு கார்பைடு பர்ரில் மெழுகுவத்தியைத் தடவிக்கொண்டால் பல்லிடுக்கில் அடைக்காது.

பல் மருத்துவப் பொருள் விற்கும் கடை ஒரு நல்ல ஊற்று. 2.35 மி.மீ தண்டுள்ள நேர்கைப்பிடி பர்களும், 1.6 மி.மீ தண்டுள்ள வைர பர்களும் அங்கே கிடைக்கும், பிந்தையதற்கு 1.6 காலெட் வேண்டும். தண்டின் அடியில் பள்ளம் வெட்டிய வகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அது வேறு கைப்பிடிக்கானது. மருத்துவர் பயன்படுத்திக் கழித்த பர்களை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

பொருளுக்கேற்ற வேகம்

மென்மரத்தைச் செதுக்க 15,000 முதல் 25,000 வரை. மரம் கறுத்துப் புகை வந்தால் வேகம் அதிகம், அல்லது பிட் மழுங்கிவிட்டது, அல்லது ஒரே இடத்தில் நிற்கிறீர்கள். சிரட்டை கடினம், கார்பைடு பர் 20,000-க்கு மேலே நன்றாக வெட்டும், உப்புத்தாள் உருளையை 10,000 முதல் 15,000-க்குள் வைக்கலாம். அக்ரிலிக்குக் கருவியின் மிகக் குறைந்த வேகம், பெரிய பல்லுள்ள பிட், விட்டு விட்டுத் தொடுதல். இரும்பு வெட்ட இழை வலை வீலை 20,000-க்கு மேல் ஓட்டலாம், ஆனால் வீலின் முகத்தில் அச்சிட்ட உச்ச வேகத்தைத் தாண்டக் கூடாது.

இரும்பில் 3 மி.மீ துளை போட இந்தக் கருவியை எடுக்காதீர்கள். அந்த அளவு எஃகு டிரில் பிட்டுக்கு இரும்பில் 3,000 சுற்றுக்குள்தான் வேலை. 10,000-இல் தொட்டதும் நுனி நீலமாகிப் போய்விடும். சாதாரண டிரில் மெஷின் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். பிசிபி வேறு கதை. கண்ணாடி இழைப் பலகை சாதாரண எஃகு பிட்டைச் சில பத்து துளைகளில் மழுங்கடிக்கும், 0.8, 1.0 மி.மீ கார்பைடு பிட்தான் தாங்கும். அது அதிக வேகத்தையும் விரும்பும். ஆனால் கார்பைடு வளையாது, முறியும். கையில் பிடித்துத் துளைத்தால் ஐந்தில் ஒன்று போய்விடும் என்றுகூடச் சொல்லத் தோன்றும். ஆட்டமில்லாத துளை ஸ்டாண்டு இல்லாமல் அதில் இறங்க வேண்டாம். மின்னணுப் பொருட்களுக்குப் பேர்போன சென்னை ரிச்சி தெருவில் பிசிபி பிட்டும் கருவியும் சேர்த்தே விசாரிக்கலாம்.

ஒரு பக்கம் ஓட்டினால் பிட் அடங்கி வெட்டும், எதிர்ப்பக்கம் ஓட்டினால் துள்ளி ஓடும். பிட்டின் சுழற்சி கருவியைப் பின்னோக்கித் தள்ளும் திசையில் நகர்த்துவதே சரி. அதாவது நீங்கள் முன்னே தள்ள, பிட் தடுக்க வேண்டும். பிட் உங்களை இழுத்துக்கொண்டு போனால் திசை தவறு. வீணான துண்டொன்றில் இரு பக்கமும் ஓட்டிப் பார்த்தால் கையே கற்றுக்கொள்ளும்.

கண்ணாடி, கல், ஓடு எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். பிட் குளிரும், தூள் பறக்காது. 230 வோல்ட் கருவியைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகாமல், பேட்டரிக் கருவியையோ வளையும் தண்டையோ பயன்படுத்தி, வேலைப்பொருளை மட்டும் ஈரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பஞ்ச் ஒன்றை நனைத்துப் பக்கத்தில் ஒட்டி வைத்தாலே போதும்.

கண், மூச்சு, ஆடை

பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் கருவியை ஓட்டக் கூடாது. பார்வைக்கண்ணாடி அதற்கு ஈடாகாது. வீல் சுழலும் தளத்துக்கு நேராக முகத்தை வைக்காமல் சற்று விலகி உட்காருங்கள். வீல் உடையும்போது துண்டுகள் அந்தத் தளத்தில்தான் பறக்கும். புது வீலை மாட்டியதும், யாருக்கும் நேராக இல்லாமல் பிடித்து ஒரு நிமிடம் வெறுமனே ஓட்டுங்கள். வெட்டும்போது வீலைத் திருக்கவோ, பக்கவாட்டில் தேய்க்கவோ கூடாது.

எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை), பிசிபி, கல், சங்கு, எலும்பு எதன் தூளும் நுரையீரலுக்குக் கெடுதல். என்95 முகக்கவசம் மலிவுதான். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் துண்டை எந்தக் காரணத்துக்கும் இதில் வெட்ட வேண்டாம். அதன் இழைகளுக்குச் சாதாரணக் கவசம் காவல் ஆகாது. துப்பட்டா, தொங்கும் சங்கிலி, அவிழ்ந்த கூந்தல், தளர்ந்த கையுறை இவற்றை 30,000 சுற்றில் ஓடும் தண்டு கண்மூடித் திறப்பதற்குள் சுருட்டிவிடும். சிறு பொருளை ஒரு கையில் பிடித்து மறு கையில் வெட்டுவதுதான் விரல் வெட்டுகளுக்கு முதல் காரணம். வைஸ் அல்லது கிளாம்ப் இருநூறு முந்நூறு ரூபாய்க்கே கிடைக்கும், அதைக் கருவியோடு சேர்த்தே வாங்குங்கள்.

உழைக்க வைப்பது

மலிவுக் கருவியைப் பத்து நிமிடம் ஓட்டினால் ஐந்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். உடலைத் தொட முடியாத சூடு வந்தால், நிறுத்துவதைவிட உச்ச வேகத்தில் பாரமில்லாமல் ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்துவது நல்லது. விசிறி உள்சூட்டை வெளியேற்றும். காற்றுத் துளைகளைக் கையால் மூடிப் பிடிப்பது பலருக்கும் வரும் பழக்கம், கவனியுங்கள். இரும்புத் தூள் உள்ளே போனால் மோட்டாரின் காந்தப்பகுதியில் ஒட்டிக்கொண்டு சுருளின் வார்னிஷைத் தின்றுவிடும். வேலை முடிந்ததும் துளைகளை ஊதிவிட்டு, கருவியை இரும்புத் தூளில் கிடத்தாமல் தொங்கவிடுங்கள்.

கால்மிதிக் கட்டுப்பாட்டைச் சேர்க்க நினைத்தால், கருவியின் டயலை உச்சத்தில் வைத்துவிட்டு மிதியால் மட்டும் வேகத்தை ஆளுங்கள். இரண்டு கட்டுப்பாட்டையும் சேர்த்துக் குறைத்தால் மோட்டார் உதறும், உள்ளிருக்கும் வேகக் கட்டுப்பாட்டுச் சர்க்யூட் பழுதாகும். மின்னணு வேகக் கட்டுப்பாடு உள்ள நல்ல கருவிக்கு வெளி மிதியே கூடாது.

கார்பன் பிரஷ்ஷை 40, 50 மணி நேரத்துக்கு ஒரு முறை கழற்றிப் பாருங்கள். 3 மி.மீ-க்குக் கீழே தேய்ந்திருந்தால், அல்லது முனை பள்ளம் பள்ளமாக இருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பழையதையே திரும்பப் போடுவதானால் எந்தப் பக்கத்தில் எப்படி இருந்ததோ அப்படியே வைக்க வேண்டும்; முனையின் வளைவு, அது உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரின் வட்டத்தோடு பொருந்தியிருக்கிறது. புது பிரஷ் போட்டதும் உடனே வேலைக்கு எடுக்காமல், பாதி வேகத்தில் பாரமில்லாமல் அரை மணி நேரம் ஓட்டினால் முனை தேய்ந்து வட்டத்துக்குப் படியும். கருவி வாங்கும் அன்றே ஒரு ஜோடி பிரஷ்ஷும் ஒரு 3.2 காலெட்டும் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மலிவு மாடல்கள் சந்தையில் ஆண்டுக்கு ஆண்டு மாறிவிடுவதால், தேவைப்படும் நேரத்தில் அதே அளவு உதிரி கிடைப்பது கடினம்.